ரூஹியின் செவியும் நான் இட்ட மதிப்பெண்ணும்

04.08.2025, திங்கள்
சூடாமணி தொலைபேசியில் அழைத்தாள். பட்டப்படிப்பில் என்னிடம் தமிழ்ப்பாடம் கேட்டவள். இன்று, கைக்குழந்தைகளின் செவியைச் சோதிக்கும் வல்லுநர்களுக்குத் தேர்வு நடத்தும் குழுவின் தலைவி. ஞாயிறன்று அடையாற்றில் செய்முறைத் தேர்வு. அதில் நான் ஒரு குழந்தையின் பாட்டனாராக நடிக்க வேண்டுமாம். தேர்வுக்கு வருபவர் என்னை விசாரித்து விளக்கம் சொல்வார். பத்துக்கு நான் மதிப்பெண் இட வேண்டும்.

"பாடத்த எல்லாரும் ஒப்பிச்சிடறாங்க சார். வீட்டு மனுஷங்க எதிர்ல உக்காந்தாதான் நாக்கு ஒட்டிக்குது. வகுப்புல எங்களையே அழ வெச்சவராச்சே நீங்க, வாங்க."

இசைந்தேன். பிறகே கேட்டேன், கதையில் வரும் குழந்தைக்கு எத்தனை வயது என்று. ஆறு மாதமாம். என் மகன் ஆசிஃபின் மகள் ரூஹிக்கு வரும் இருபதாம் தேதி ஆறு மாதம் நிறைகிறது.

06.08.2025, புதன்
மருமகள் மஹ்விஷ் குளிக்கச் சென்றிருந்த நேரம். ரூஹியின் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினேன். திரும்பினாள்! நெற்றி தரையில் பட இறைவனுக்கு நன்றி சொன்னேன். எழுந்தபோதுதான் கண்டேன்: சன்னல் வெளிச்சத்தில் என் நிழல் அவளுக்கு முன்னே கிடந்தது.

இடம் மாறி நின்று ஆட்டினேன். மூன்று முறை. அவள் தன் விரலைச் சுவைத்துக்கொண்டிருந்தாள்.

விளையாட்டில் கவனம் போயிருக்கலாம் அல்லவா? இருக்கட்டும். அப்படியே இருக்கட்டும், என் இறைவா.

08.08.2025, வெள்ளி
ஜும்ஆ தொழுகையில் மனம் நிற்கவில்லை. இங்கேனும் உண்மையை எழுதுகிறேன்.

ரூஹி பிறந்த அன்று, அவள் கேட்கும் முதற்சொற்களாக இருக்கட்டும் என்று, தொழுகை அழைப்பான பாங்கை அவள் காதில் சொன்னவன் நான். மூன்றாம் நாள், வீடு திரும்பும் வேளையில், ஆசிஃப் மருந்துக்கு வரிசையில் நின்றான். காதுச் சோதனையில் குழந்தை தேறவில்லை என்ற சீட்டைச் செவிலி என்னிடம் கொடுத்தாள். "காதுல தண்ணி நின்னிருக்கும் பாய். ஒரு மாசம் கழிச்சு மறுபடி கூட்டியாங்க, டெஸ்ட் பண்ணணும்." மஹ்விஷ் அதற்கு முன் இரண்டு கருவை இழந்தவள். பச்சை உடம்புக்காரியிடம் இதைச் சொல்வதா? நாற்பது நாள் கழியட்டும் என்று அலமாரியில் வைத்தேன். நோன்பு வந்தது, பெருநாள் வந்தது. நோன்பு வந்தது, பெருநாள் வந்தது. சொல்லவில்லை. சொல்லாத ஒவ்வொரு நாளும் அடுத்த நாளின் வாயைக் கட்டிற்று.

நான் ஓதிய அந்த முதற்சொற்கள் எங்கே போய் விழுந்தன?

10.08.2025, ஞாயிறு
கண்ணாடிச் சுவருக்கு அப்பால் சூடாமணியும் வேறு தேர்வாளர் இருவரும் அமர்ந்து குறிப்பெடுத்தார்கள். எனக்குத் தந்த கதை எளியது: வீட்டில் எல்லோரும் குழந்தை திரும்புகிறது என்கிறார்கள்; தானே ஒலி எழுப்பித் திரும்பக் கண்டும் பாட்டனாருக்கு மட்டும் ஐயம்.

முதலில் வந்தவர் நெடுஞ்செழியன். என் கையைப் பற்றிக்கொண்டார். "ஐயா, ஒண்ணும் கவலப்படாதீங்க. திரும்புதுன்றீங்க இல்ல? அப்ப கேக்குது. சில கொழந்தைங்க கொஞ்சம் ஸ்லோ. மூணு மாசம் கழிச்சு வாங்க, பாத்துக்கலாம்." ஒன்பது இட்டேன். பத்தே இட்டிருப்பேன்.

அடுத்தவள் ஃபிர்தௌஸ். சிறு பெண். நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டு அமர்ந்தாள். எங்கள் வீடுகளில் பாட்டனாரை அழைப்பதுபோல் என்னை 'நன்னா' என்றாள்.

"திரும்புச்சுன்னு சொல்றீங்களே நன்னா, அப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"பின்னால்."

"வெளிச்சம் எந்தப் பக்கம்? நிழல் விழுந்துச்சா?"

தாளில் இல்லாத கேள்வி. விழுந்தது என்று என் வாய் சொல்லிவிட்டது.

"பொறந்தப்ப காதுக்கு டெஸ்ட் எடுத்திருப்பாங்களே. அந்த சீட்டு வீட்ல யார்ட்ட இருக்கு?"

"தொலைந்துவிட்டது."

என்னையே பார்த்தாள். "பரவால்ல. கேக்குதா இல்லையான்னு என்னால இப்ப சொல்ல முடியாது. ஆனா காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே கொண்டாங்க. கேக்கலன்னா மிஷின் போடலாம், பேச்சு வரும். தள்ளத் தள்ள அதுதான் போகும் நன்னா."

அவளுக்கு மூன்று இட்டேன். "கனிவு இல்லை" என்று எழுதிக் கையொப்பமும் இட்டேன்.

11.08.2025, திங்கள்
சூடாமணி அழைத்தாள். குடும்பத்தார் இடும் மதிப்பெண் நான்குக்குக் கீழே போனால், மற்றவை எவ்வளவு இருந்தாலும் தோல்வியாம். "ஃபிர்தௌஸுக்கு நாங்க மூணு பேரும் முழுசா போட்டிருக்கோம் சார். நீங்க மூணு போட்டிருக்கீங்க. மூணு மாசம் தள்ளச் சொன்ன ஆளுக்கு ஒம்போது. புதன்கிழம பட்டியல் போயிடும். காரணம் ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

ஒரு வரிதான். தாளை எடுத்து வைத்துவிட்டு மாலை வரை அமர்ந்திருந்தேன். இந்தப் பெண் தோற்றால் நெடுஞ்செழியனிடம் எத்தனை குழந்தைகள் போகும்? அவர்கள் வீட்டிலும் என்னைப் போல் ஒருவன் இருப்பானே! மறுமையின் கேள்வி நாளில் என் கையொப்பம் எழுந்து சாட்சி சொல்லுமே!

12.08.2025, செவ்வாய்
சீட்டை ஆசிஃபிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மஹ்விஷிடம் நீட்டினான்.

"ஆறு மாசம் ஆகப்போவுது மாமா," என்றாள் அவள். "ஆறு மாசமா தாலாட்டிக்கினு கெடந்தேனே, அத நீங்க பாத்துக்கினுதானே இருந்தீங்க?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு அடையாறு. சூடாமணியிடம் காரணத்தை எழுதிக் கொடுத்தேன், ஒரு வரியில் அடங்கவில்லை, ஒன்றரைப் பக்கம். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள். என் மதிப்பெண்கள் இரண்டும் செல்லாது. இருவருக்கும் வேறொருவரை வைத்து மறுதேர்வு. இனி என்னை அழைக்க இயலாது என்றாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே சார். இது என் தொழிலாச்சே."

13.08.2025, புதன்
மஹ்விஷ் என்னோடு பேசவில்லை. உறக்கமும் இல்லை.

20.08.2025, புதன்
தேனாம்பேட்டையில் சோதனை. குழந்தை உறங்கும்போதுதான் எடுப்பார்களாம். அதனால் வழியில் உறங்கவிடக் கூடாது என்று ஆணை. ஆட்டோவில் அவள் உள்ளங்காலைச் சுரண்டிக்கொண்டே போனோம். அழுதாள். அங்கே மடியில் போட்டதும் உறங்கினாள். நெற்றியில் ஒயர்களை ஒட்டினார்கள்.

தஸ்பீஹ் மணி உருட்டினேன். எத்தனை என்று தெரியாது.

இரு செவியிலும் குறை. பெருத்த ஓசை மட்டுமே எட்டும். அப்படியானால் பாங்கு எட்டவில்லை. காதருகே மெல்லத்தான் சொன்னேன்.

மருத்துவர் கேட்டார்: "ஏன் இவ்ளோ லேட்டு?" ஆசிஃப் என் பக்கம் திரும்பாமல், "லேட்டாயிடுச்சு டாக்டர்," என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

09.09.2025, செவ்வாய்
ஃபிர்தௌஸ் தேறினாள் என்று சூடாமணியின் செய்தி. நெடுஞ்செழியன் அடுத்த ஆண்டு மீண்டும் வர வேண்டும்.

ரூஹிக்குச் செவிக்கருவி பொருத்தியாயிற்று. பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறாள். பயனளிக்குமா? தாமதித்த இந்த மாதங்களை எந்தக் கருவி மீட்டுத் தரும்?

12.10.2025, ஞாயிறு
காலையில் சன்னலுக்கு முதுகு காட்டியபடி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். ரூஹி செவிக்கருவியோடு எனக்குப் பின்னால், சன்னலோரப் பாயில் கிடந்தாள்; என் நிழல் எனக்கு முன்னேதான் விழுந்திருந்தது. பலமாகத் தும்மிவிட்டேன். அவள் வீரிட்டு அழுதாள்.

மஹ்விஷ் அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தாள். ரூஹியைப் பார்த்தாள். அவளுக்கு முதுகு காட்டியிருந்த என்னைப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் முதன்முறையாக என்னிடம் பேசினாள்.

"மாமா, இன்னொரு தடவ தும்முங்க."

தும்மியதும் இறைவனைப் புகழ வேண்டும். அதைக்கூட மறந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டால் வருமா அது? வரவில்லை. ஆசிஃபும் வந்துவிட்டான். எல்லோரும் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரூஹியும்.