பலாமர மனுவும் வாய் திறக்காத பிரிண்டரும்

அன்பு மகள் ரின்ஸி மோளுக்கு அம்மச்சி எழுதுவது. கர்த்தரின் கிருபையால் இங்கே எல்லாம் சுகம், உன் அப்பச்சனின் முழங்காலையும் அவருடைய பிரிண்டரையும் தவிர. நீயும் ஜோபிஷும் குழந்தையும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க தினமும் ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் உன் அப்பச்சன் பக்கத்திலேயே உட்கார்ந்து வரிக்கு வரி திருத்தம் சொல்லுவார். அதனால் அயர்லாந்துக்குப் புறப்படுகிற லிண்டாவின் அம்மா கொண்டுவருகிற பொதியில், பலாக்காய் வறுவலுக்கு அடியில் இதை வைக்கிறேன். நம் வீட்டில் பலாமரமே இல்லையே, வறுவல் எப்படி என்று யோசிக்காதே, அந்தக் கதைதான் இது.

பக்கத்து வீட்டில் இருக்கும் அப்பச்சனின் தம்பி, உன் பைலிக் கொச்சப்பனின் எல்லைக் கல்லோரத்துப் பலாமரம் நம் தொழுவத்து ஓடுகளை இரண்டாம் தடவை உடைத்ததிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதானே. இரண்டு வருஷமாகக் கோவிலில் குர்பானா பூசை முடிந்ததும் இவர் தெற்கு வாசலில் இறங்கினால் அவர் வடக்கு வாசலில் இறங்குவார். அதோடு போயிருந்தால் நானும் பொறுத்திருப்பேன். போன மாதம் உன் அப்பச்சனுக்கு என்ன தோன்றிற்றோ, மரத்தை வெட்ட உத்தரவிட வேண்டும் என்று பஞ்சாயத்துக்கு லேப்டாப்பில் ஒரு மனு தட்டினார். அதை அச்சடித்துத் திங்கட்கிழமை கொடுப்பதாகத் திட்டம். ஆபீஸ் வரைக்கும் போய்விட்டால் அப்புறம் இவர் சாவுக்கு அவர் வரமாட்டார், அவர் சாவுக்கு இவர் போகமாட்டார். எப்படியாவது அந்த மனு வெளியே வராமல் இருக்கட்டும் மாதாவே என்று கொந்தை ஜெபமாலையை உருட்டினேன். அன்றைக்கே பிரிண்டர் நின்றுவிட்டது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், நான் சந்தோஷப்பட்டேன்.

அதே நாள் கர்க்கடக மாதத்து மழையில் நம் வீட்டு ஆபீஸ் அறை ஒழுகியதால் லேப்டாப்பைத் தூக்கிக் கிழக்கு அறை ஜன்னலோரம் வைத்தார் அல்லவா, அன்றிலிருந்துதான் கோளாறு. பிரிண்டர் ஹாலில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது, லேப்டாப்போ அப்படி ஒன்றைக் காணவே காணோம் என்கிறது. அப்புறம் நீ வீடியோவில் வந்து வைத்தியம் பார்த்தாய். நெட் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னாய், பிரிண்டரை அழித்துவிட்டு மறுபடி தேடிச் சேர்க்கச் சொன்னாய், மனு இருக்கிற ஃபோல்டரை எல்லாருக்கும் திறந்துவிட்டு ஹாலில் உள்ள பழைய கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பிப் பாருங்கள் என்றாய். தேடியதும் அதே கம்பெனி பிரிண்டர் கிடைத்தது, அச்சடித்தாயிற்று என்று எழுத்தும் வந்தது, ஹாலில் ஒரு தாள் நகரவில்லை. பழைய கம்ப்யூட்டரில் பார்த்தால் ஃபோல்டரும் இல்லை. தினமும் காலைக் காப்பி முடிந்ததும் ஒன்பது தடவை பட்டனை அமுக்கிவிட்டு, பொய் சொல்றதுக்குக் கம்ப்யூட்டரும் கத்துக்கிச்சு என்று திட்டுவார். வியாழக்கிழமை மனுவைத் திறந்தவர், ஏலிக்குட்டி இங்க வா, நான் சர்வே நம்பர் தப்பா போட்டிருந்தேன், இது தானாத் திருத்திருக்கு, மெஷினுக்கே நம்ம பக்கம் நியாயம்னு தெரிஞ்சுபோச்சு பாரு என்றார்.

வெள்ளிக்கிழமை நம் வீட்டுக்கு மட்டும் கரண்ட் போயிற்று. மின்விசிறி இல்லை, நெட் பெட்டியில் விளக்கு இல்லை. உன் அப்பச்சன் மட்டும் லேப்டாப்பில் செய்தி பார்த்துக்கொண்டு, நம்ம நெட்டு எப்படி, கரண்டே இல்லாம ஓடுது என்று பெருமை பேசுகிறார். பெட்டி செத்துக் கிடக்கும்போது இது எங்கிருந்து வருது மனுஷா என்று கேட்டேன். உனக்கு இதெல்லாம் புரியாது என்றார். எனக்குப் புரிய ஆரம்பித்திருந்தது.

சனிக்கிழமை காலை பைலிக் கொச்சப்பன் வந்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. ஒரு கையில் கட்டுக் காகிதம், இன்னொரு கையில் காலி மைக்குப்பி. முற்றத்தில் நின்றே அண்ணனைப் பார்த்து, சேட்டா, என்மேல கம்ப்ளைன்ட் குடுக்கணும்னா குடுங்க, என் மையில எதுக்குக் குடுக்கறீங்க என்றார். அத்தனை மனுவும் அவர் வீட்டில்தான் வந்து விழுந்திருக்கிறது! அண்ணன் வேண்டுமென்றே தினமும் காலையில் நோட்டீஸ் விடுகிறார் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாராம். தொடாத மெஷின் தானாகக் கத்துகிறதே என்று அவர் மனைவி ரோசம்மா பயந்துபோய்ப் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு பிரிண்டருக்கு மந்திரிக்க வைத்திருக்கிறாள். தீர்த்தம் தெளித்து அவர் ஆமென் சொன்ன மறுநிமிஷம், மேற்படி பைலி என்பவர் அயல்வாசிகளுக்குப் பெருந்தொல்லை என்று ஒரு தாள் வந்திருக்கிறது. சாமியார் அதை முழுக்கப் படித்தாராம். சர்வே நம்பரை மாற்றியதும் கொச்சப்பன்தான். முப்பது வருஷம் வில்லேஜ் ஆபீஸில் இருந்தவன், தப்பான நம்பரைப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியலை, உங்க ஃபோல்டர் வேற திறந்து கெடந்துச்சு என்றார்.

பிறகுதான் விஷயம் வெளிவந்தது. நெட்டுக்கு என்ன பேர் வைக்க என்று கேபிள்காரன் கேட்டால் நம் ஊரில் யார் யோசிப்பார்கள்? அண்டாவிலும் குடையிலும் எழுதுகிற வீட்டுப் பேரைத்தான் இவரும் சொல்லியிருக்கிறார், அவரும் சொல்லியிருக்கிறார். இரண்டும் வடக்கேமுறி. கிழக்கு அறைக்கு அவர் வீட்டு நெட் பெட்டிதான் பக்கம், லேப்டாப் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. பேரு ஒண்ணா இருந்தாப் போதுமா, பாஸ்வேர்டு வேணாமா, என் பாஸ்வேர்டு உனக்கு எப்படித் தெரியும் என்று உன் அப்பச்சன் எகிறினார். உங்களது என்ன என்று அவர் கேட்டார். அவரே மெதுவாக, அப்பன் செத்த தேதியா என்றார். இவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். இரண்டு வீட்டிலும் அதே தேதிதான். நான் காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

நான் திரும்பி வரும்போது மறுபடியும் சண்டை. நீ தம்பி, நீதான் பாஸ்வேர்ட மாத்தணும் என்கிறார் இவர். நான் மாட்டேன், மரத்தை வேணா வெட்டிடறேன், அந்தத் தேதிய மாத்தமாட்டேன் என்கிறார் அவர். உடனே உன் அப்பச்சன், இத்தனை நாள் அந்த மனுவை அச்சடிக்கத் துடித்த மனுஷன், மரத்தை வெட்டச் சொன்னது யாருடா என்று கேட்டார்.

தொழுவத்தின் மேல் நீட்டிய கிளையை மட்டும் இறக்கினார்கள். அந்தக் காய்தான் உனக்கு வருவது. வறுத்து எண்ணெய் வடியப் போட்டது மனுக்களின் மேல்தான். பாஸ்வேர்டை ரெண்டு பேரும் மாற்றவில்லை, கோளாறும் சரியாகவில்லை. உன் அப்பச்சன் இங்கே பட்டனை அமுக்கிவிட்டு, தாளை எடுத்துவர அங்கே போய், ஒரு மணி நேரம் கழித்து வருகிறார். பல நாள் தாள் இல்லாமலே வருகிறார். இனி நீ வீடியோவில் வந்து எதையும் சரிசெய்ய வேண்டாம், என்மேல் ஆணை.

குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு, ராத்திரி ஜெபத்தை விடாதே. மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது முதலில் கொச்சப்பன் வீட்டுக்குப் போ. உன் போன் அங்கேயும் எதுவும் கேட்காமல் சேர்ந்துகொள்ளும்.

முத்தங்களுடன்,
அம்மச்சி ஏலிக்குட்டி,
வடக்கேமுறி (மேற்கே வீடு)