அப்பாவின் ஹூவர் கொடி

அன்புள்ள ரக்ஷனாவுக்கு,

இங்கே நான் நலம், அப்பாவும் உடம்பளவில் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய், கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன், சென்ற வாரப் படத்தில் கழுத்தில் ஒன்றும் இல்லை, சிகாகோ குளிரில் அது துணிச்சல் இல்லை, அசட்டுத்தனம். மின்னஞ்சலில் எழுதுவதற்குக் காரணம், வாட்ஸ்அப் என்றால் உன் செய்தி வந்ததா என்று அப்பா என் கைப்பேசியையும் எடுத்துப் பார்த்துவிடுகிறார். நம் அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கியை மாற்றுகிறார்கள், இரண்டில் ஒன்றுதான் ஓடுகிறது, கீழ்வீட்டுக்காரர் தினமும் யாருக்கோ புகார் எழுதுகிறார். இதெல்லாம் என் எரிச்சலில் பத்தில் ஒரு பங்கு. மீதி உன் ஆராய்ச்சி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் வேலையிழந்த அமெரிக்கர்கள் எப்படிப் பேசினார்கள் என்று நீ ஆராய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஞாயிறுதோறும் அப்பாவுக்கு ஒரு சொல் என்று கற்றுக்கொடுத்தாய் பார், அதை அனுபவிப்பது நான். பிற்பகலில் பத்திரிகையை நெஞ்சில் விரித்துக்கொண்டு சோபாவில் படுக்கிறார், கேட்டால் ஹூவர் போர்வையாம், அந்தக் காலத்து ஏழைகள் தங்கள் அதிபர் பேரைச் சொல்லித்தான் செய்தித்தாளைப் போர்த்தினார்களாம். கிளினிக்கில் ரத்த அழுத்தத்தைப் பற்றிக் கேட்ட டாக்டரிடம் எவ்ரிதிங் இஸ் ஜேக் என்கிறார், எல்லாம் சுகம் என்று அர்த்தம், அந்தப் பெண் ஜேக் யார் என்று கேட்டுவிட்டாள், வெளியே ஆட்கள் காத்திருக்க உள்ளே வரலாற்றுப் பாடம் நடந்தது.

இனி நீ சிரிப்பதை நிறுத்திவிட்டுப் படி. அப்பாவுக்கு வேலை போய்விட்டது. சீனப் புத்தாண்டு முடிந்ததும் ஜூரோங்கில் அவர் கம்பெனி ஆட்குறைப்புச் செய்தது, அதில் அவரும் ஒருவர். அன்று சாயங்காலம் வந்தவர் காலணியைக்கூடக் கழற்றாமல் கால்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துத் தொங்கவிட்டு, ஹூவர் கொடி ஏத்தியாச்சு என்றார். வெறும் பையைக் காட்டுவதற்கு அதுதான் பெயர் என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய். வாரப் பாடம் என்று நினைத்து, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட வாருங்கள் என்றேன். வந்தார், சாப்பிட்டார், தட்டையும் கழுவி வைத்துவிட்டுப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். உனக்குத் தெரியக் கூடாது, படிப்புக் கெடும் என்றார். இன்றுவரை அந்தப் பேச்சுக்குக் கட்டுப்பட்டிருந்தேன்.

பொறுமை போனது அப்பாவின் சிநேகிதர் உமைர் வீட்டு நோன்புப் பெருநாள் விருந்தில்தான். அங்கே அப்பா பையை இழுத்துக் காட்டியதை உமைர் மகள் அஃப்னா வீடியோ எடுத்து உனக்கு அனுப்ப, நீயும் பார்த்துச் சிரித்தாய். அதில் வராததைச் சொல்கிறேன். அதற்குச் சற்று முன்னால் உமைர் இவரைத் தனியே அழைத்து, ஜூரோங் பக்கம் ஆள் குறைக்கிறார்களாமே, உங்களுக்கு ஒன்றும் இல்லையே லா என்று அக்கறையாகத்தான் கேட்டார். இவர் பிரியாணித் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் பையை இழுத்துவிட்டு, கூடமே கேட்கும்படி அதே பாடத்தை ஆரம்பித்தார். எல்லாரும் சிரித்தார்கள், உமைரும்தான். சிரித்து முடித்து, நல்ல வேளை, என் கிடங்குக்கு ஒரு மேலாளர் வேண்டும், உங்களைப் போல யாராவது இருந்தால் அனுப்புங்கள் என்றார். உன் அப்பா பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் தால்ச்சா கேட்டு வாங்கிக்கொண்டார். திரும்பும்போது ரயிலில், ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “விருந்துக்குப் போன வீட்டுல போயி வேலை கேக்கச் சொல்றியா?” என்று என்மேல் பாய்ந்தார். சரி, விருந்து வீட்டில் கேட்க வேண்டாம். அதற்குப் பிறகு எத்தனை நாள் இருந்தது? நாளைக்கு நாளைக்கு என்று பெருநாள் மாதமே முடிந்துவிட்டது.

உன் அமெரிக்கர்கள் இந்தச் சொற்களைத் தங்களைப் போலவே வெறும் பையோடு நின்றவர்களிடம் சொன்னார்கள், கேட்டவனுக்கு அந்த நிமிடமே விளங்கியது. அப்பா சொன்னது தட்டு நிறையச் சோற்றோடு நின்றவர்களிடம். ஒருவருக்கும் விளங்கவில்லை. இதை வேண்டுமானால் உன் ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்.

இன்று காலை நடக்கப் போனவள் பூங்காவில் நின்று உமைருக்குப் போன் செய்து ஒரே வரியில் சொல்லிவிட்டேன். அடுத்தவர் விஷயத்தை இப்படிச் சொல்வது எனக்கு வழக்கமில்லை, உனக்கே தெரியும். அவர், “அண்ணி, நான் வேற அன்னிக்கு அவ்ளோ சிரிச்சேனே” என்றார். இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம், திங்கட்கிழமை அவருடைய கூட்டாளி வேறொருவரை நேர்காணப் போகிறாராம், அதனால் நாளை மாலையே வீட்டுக்கு வருகிறேன் என்றார். எதுவும் தெரியாதது போலக் கேட்டுக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதற்கு, நடிக்க எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், நீங்கள் நேராகவே கேளுங்கள் என்றேன். நான் சொன்னது தெரிந்தால் அப்பா என்னோடு பேச மாட்டார். பேசாமல் இருக்கட்டும், அதை நான் பார்த்துக்கொள்வேன். நாளையும் வேடிக்கை காட்டி இந்த இடத்தையும் கைநழுவ விட்டுவிடுவார் என்பதுதான் என் பயம்.

அதனால் நாளைக் காலை இங்கே வழக்கமான நேரத்துக்கு அழை, தள்ளிப் போடாதே. இந்த வாரம் அவருக்குச் சொல் ஒன்றும் வேண்டாம். “அப்பா, வேலை போயிடுச்சாப்பா?” என்று நம் தமிழில் கேள். முதலில் ஜேக்கைக் கூட்டிக்கொண்டு வருவார், பையைக் காட்டுவார், நீ சிரித்தால்தான் அவருக்குத் தப்பிக்க வழி கிடைக்கும், சிரிக்காதே. எவ்வளவு நேரமானாலும் பேசாமல் இரு, அவர் வாயாலேயே சொல்லட்டும். உன்னிடம் ஒருமுறை சொல்லிவிட்டால் மாலையில் உமைரிடம் சொல்வது அத்தனை கடினமாக இருக்காது. சொன்னதும் அழுதால் அழட்டும், நீயும் அழலாம், நான் சமையலறையில் இருந்துகொள்கிறேன்.

எல்லா நலமும் பெற்று நீ நன்றாக இருக்க வேண்டும். கழுத்துக்குத் துணி வாங்கு. நாளை எட்டரைக்கு அழைப்பதை மறக்காதே.

அன்புடன்,
அம்மா
புக்கிட் மேரா, சனிக்கிழமை