எட்டுக்கு ஏழு காட்டிய தராசு

என் பாக்கியத்துக்கு,

நீ கண்ணை மூடி இருபது நாளாகிறது. உன்னிடம் மறைத்த ஒன்றை இன்று எழுதுகிறேன். என் எட்டாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதுமா, தெரியவில்லை.

பதினாறு வருஷத்துக்கு முன், யட்டவத்தைக்கு மேலே நம் தேயிலைத் தோட்டத்துப் பாதை இரண்டு பக்கமும் மண் சரிந்து அடைபட்டபோது உனக்கு இரண்டு நாளாக வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். மூன்றாம் நாள் ஹெலிகாப்டர் வந்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்து முற்றத்தில் இறங்கியது.

நீ, மருத்துவிச்சி, கால் முறிந்த முனியாண்டி, நான். எல்லாரையும் நிறுக்கச் சொன்னார் விமானி. இந்த உயரத்தில், இந்த வெயிலில் காற்றுக்குக் கனம் போதாது. பறந்து போவதைவிட அந்தரத்தில் நிற்கத்தான் இயந்திரத்துக்குப் பலம் அதிகம் வேண்டும் என்று சிங்களத்தில் விளக்கினார். இருந்தது என் கொழுந்துத் தராசு மட்டும். உன்னைக் கம்பளியில் வைத்து நிறுத்தோம். நான் சாக்கில் தொங்கியது எருமைக்கடா மாதிரி இருந்ததாம்.

கூட்டிப் பார்த்தால் விமானி சொன்ன அளவுக்குள் வந்தது. ஆனால் எட்டு இறாத்தலுக்கு ஏழு காட்டும்படி அதைத் திருகி வைத்த கணக்கப்பிள்ளை நான். அது உனக்கு மட்டும் தெரியும். வாயைத் திறந்தால், சுற்றி நின்ற கொழுந்துக்காரிகள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். பேசாமல் ஏறி உட்கார்ந்தேன்.

ஹெலிகாப்டர் முழங்கால் உயரம் எழும்பியது, நடுங்கியது, திரும்ப உட்கார்ந்தது. "தராசு சரியானதா?" என்றார் விமானி.

நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். "சொல்லுங்க. இல்லாட்டி நான் சொல்லிருவேன்."

சொன்னேன்.

"ஒருத்தர் இறங்கணும். கெஞ்சினா காத்து கேக்காது" என்றார். தான் இறங்குவதாக முனியாண்டி காலை நகர்த்தப் பார்த்தான். நான் இறங்கினேன். அந்தரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்த பிறகே உங்களைக் கொண்டுபோனார்.

பாதை திறக்க ஆறு நாளானது. நான் ஏமாற்றிய பெண்களோடு அதே மடுவத்தில் அடைபட்டுக் கிடந்தேன். "ஐயா, ஒங்கள எத்தனை இறாத்தல்னு எழுதட்டும்?" என்று தேத்தண்ணியை நீட்டினாள் காளியம்மா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

நீ பிள்ளையோடு திரும்பியதும் கேட்டது தராசைப் பற்றித்தான். திருத்திவிட்டேன் என்றேன். அது உண்மை, மூன்று மாதத்துக்கு. "கூலி ஏறுதே, வேற ஆள் வைக்கட்டுமா?" என்று தோட்டத்துத் துரை கேட்டார், மறுபடி திருகினேன். பதினாறு வருஷம் நீ கேட்டாய், நானும் சரியாக இருக்கிறது என்றே சொன்னேன். தெரிந்துதான் கேட்டாயா?

நேற்று காளியம்மா தராசு முள்ளைப் பார்த்தாள். "கேக்குறதுக்கு அக்கா இருந்தாங்க. இப்ப யாரு இருக்கா?" என்றாள்.

திங்கட்கிழமை, அவர்கள் பார்க்கத் திருகாணியை நேராக்குகிறேன். தோட்டம் தந்த லயத்து வீட்டை விடச் சொல்லித் துரை துரத்தினால் எங்கே போவேன், தெரியாது. ஆனாலும் செய்வேன், பாக்கியம்.

உன் செல்வியின் அப்பா