பத்தாவது ஆள்

முசஃபா, அபுதாபி
15.6.2007

அருள்ராஜுக்கு,

வணக்கம். இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். தோஹாவில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நன்றாகவே இருக்கிறேன். எவ்வளவு நன்றாக என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் வாசகர் வட்டத்தில் யூத எழுத்தாளர்களைப் படிக்கலாம் என்று நான் சொன்ன அன்று, இருபது பேர் முன்னால் எழுந்து நீ பேசியது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. "கலீல் பாய் மனசு புண்படும்யா. உன் தத்துவ எம்.ஏ.வ ஊர்லயே விட்டுட்டு வந்திருக்கணும். இதுக்குப் பத்துப் பேர் வந்தா என் மீசைய எடுத்துடறேன்." எல்லோரும் சிரித்தார்கள். ஏழு வருடம் என்னோடு ஒரே ரூமில் இருந்தவன் நீ. அடுத்த மாதமே என்னிடம் சொல்லாமல் தோஹாவுக்கு மாற்றல் வாங்கிப் போனாய். உன் பின்னால் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள்.

கலீல் பாயிடம் நீ ஒரு வார்த்தை கேட்டாயா? நான் கேட்டேன். "அவரு எதுக்கு என் பேர்ல பயப்படுறாரு? படிக்கிறதுதானே சார்" என்றார். அவருடைய ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் மாடியில், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து மூன்று மணிக்குக் கூடுகிறோம். நான் தமிழில் பெயர்த்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். எதிரே இருப்பவனின் முகம் நம்மிடம் எதைக் கேட்கிறது என்று ஒரு கட்டுரை. வெல்டர் சோலையப்பன் சிரித்தான். "நாள் பூரா முகமூடிக்குள்ள இருக்கேன் சார். என் முகத்த எவன் பாத்தான்?" எனக்குக் கல்லூரியில் யாரும் இவ்வளவு சரியாகத் தத்துவம் சொல்லித்தரவில்லை.

ஏப்ரலில் ஒரு கதை படித்தோம். யூதர்களில் பத்துப் பேர் கூடினால்தான் இறந்தவருக்கான பிரார்த்தனையைச் சொல்ல முடியும். கதையில் ஒன்பது பேர் பனியில் நின்று பத்தாவது ஆளுக்காகக் காத்திருக்கிறார்கள். அங்கே ஆண்களைத்தான் எண்ணுவார்கள். கலீல் பாயின் மனைவி மெஹர்பானு டீச்சர், "என்னைய சேப்பீங்களா?" என்று கேட்டார். "நீங்கதான் டீச்சர் மொத ஆளு" என்றான் சோலையப்பன். எண்ணிப் பார்த்தோம். நாங்களும் ஒன்பது பேர்.

சோலையப்பன் திடீரென்று, "எங்கப்பா செத்தப்ப லீவு குடுக்கல சார். பத்துப் பேர் இருந்தா இங்கயே அவர் பேரைச் சொல்லியிருக்கலாமே" என்றான். அப்போது பிக்கப் டிரைவர் ஈசா படியேறி வந்து, "எவன்டா வாசல்ல வண்டிய நிப்பாட்டுனது?" என்று கத்தினார். சோலையப்பன் அவர் கையைப் பிடித்தான். "அண்ணே, ஒரு பத்து நிமிசம் இருங்கண்ணே. ஆள் ஒண்ணு கொறையுது." விவரம் கேட்டதும் ஈசா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். பத்துப் பேரும் எழுந்து நின்றோம். சோலையப்பன் அவன் அப்பா பெயரைச் சத்தமாகச் சொன்னான்.

அன்றிலிருந்து பத்துப் பேர் சேராமல் நாங்கள் படிக்கத் தொடங்குவதில்லை. இன்றோடு எட்டு வெள்ளிக்கிழமை, ஒன்றுகூடத் தவறவில்லை. அருள்ராஜ், நான் ஜெயித்துவிட்டேன். பிளேடு வாங்கி வை.

ஒரே ஒரு விஷயம். ஜூலையில் ஈசா லீவில் ஊருக்குப் போகிறார். மறுபடி ஒன்பது. நீ அந்த மாதம் அபுதாபி வழியாக ஊருக்குப் போவதாகக் கலீல் பாய் சொன்னார். வெள்ளிக்கிழமை மூன்று மணி. மீசையோடு வந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். நான் கேட்க விட மாட்டேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் சைட்டில் நிற்காதே.

கீழே என் பெயரைப் போட்டால் சமாதானத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைப்பாய். போடவில்லை. இப்படியே ஒட்டித் தபால் பெட்டியில் போடப்போகிறேன்.