அம்மா கோட்டைக்குக் கொண்டுவந்த ஃபைல்

காலி
17.03.2010

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? வட்டையில் வயல் வெட்டு முடிந்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டதா?

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் காலிக் கோட்டையைச் சுற்றிக் காட்டினேன். புறப்படும்போதே அம்மாவின் கையில், காணி உறுதி முதல் எல்லாக் கடதாசியும் வைத்திருக்கும் நம் வீட்டு ஃபைல்! ஏன் என்று கேட்டேன்.

"கோட்டைக்குக் கடதாசி இல்லாமப் போகேலுமா மகள்?"

சுனாமிக்குப் பிறகு நிவாரணத்துக்காக அம்மா ஏறி இறங்கிய அரசாங்கக் கச்சேரி அலுவலகம் மட்டக்களப்புக் கோட்டைக்குள்தானே இருக்கிறது. சிரித்துவிட்டேன்.

மதில்மேல் நடக்கையில் ஒரு காவலாளி, எந்த ஊர் என்று சிங்களத்தில் கேட்டார். உடனே அம்மா ஃபைலைத் திறந்தார். செக்பொயின்ற் பழக்கத்தில் அடையாள அட்டையை நீட்டப்போகிறார் என்று நினைத்தேன். நீட்டியது என் நியமனக் கடிதத்தின் பிரதி!

"இது என்ட மகள். இஞ்ச ஆஸ்பத்திரியில நேர்ஸ்," என்றார், தமிழிலேயே.

காவலாளி நின்று முழுவதையும் வாசித்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அம்மா நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

இங்கே மிளகாய்த்தூளில் உறைப்பே இல்லை. ஃபைலை அம்மா என் அறையில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது. நம் வீட்டு மிளகாய்த்தூளோடு நீங்களே வந்து எடுத்துக்கொண்டு போங்கள், அப்பா.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

மகள்
சுகிர்தா