நிலவறையில் வெயில்

ஜூன் 9, செவ்வாய்

அம்மா இன்றும் உதடு வெடித்து வந்தாள். அவள் வேலை செய்யும் அறையில் காற்றில் ஈரமே இருக்கக் கூடாதாம். மூச்சின் ஈரம் பட்டாலே மின்கலம் கெட்டுவிடுமாம். "உன்னை மாதிரி அழுமூஞ்சியை வாசல்லயே நிறுத்திடுவாங்க" என்றாள் அக்கா.

பிறகுதான் அம்மா அதைச் சொன்னாள். அவர்கள் செய்த முதல் பெரிய பெட்டியை எங்கள் கட்டடத்தின் நிலவறையில் வைக்கப் போகிறார்கள். தீடநிலை மின்கலம் என்று பெயர். மொட்டைமாடித் தகடுகள் பகலில் பிடிக்கிற வெயிலை இரவுக்கு எடுத்து வைத்துக்கொள்ளும். எல்லா வீட்டாரும் சம்மதிக்க வேண்டும். ஒரு வருடமாக அம்மா இதற்காகத்தான் அலைந்தாள்.

அடுத்த தெருக் கிடங்கு எரிந்ததே, அதிலும் மின்கலங்கள்தான் இருந்தன. வெள்ளைப் புகை எங்கள் ஜன்னல்வரை வந்தது. 'பயமே இல்லை' என்று அங்கேயும் பலகை மாட்டியிருந்தார்கள்.

ஜூன் 11, வியாழன்

நேற்று ராத்திரி கேட்டுவிட்டேன். "அம்மா, அது எரியுமா?"

"கிடங்குல இருந்ததுல எரியற திரவம் இருந்துச்சு. இதுல இல்ல. பீங்கான் மாதிரி கெட்டித் தகடு. கண்ணுக்குத் தெரியாத துகள் அதுக்குள்ளயே நடந்து போகும், நடந்து வரும்."

"அப்போ எரியவே எரியாதா?"

யோசித்தாள். "எரியறது ரொம்பக் கஷ்டம். நூத்துக்கு நூறுன்னு நான் சொல்ல மாட்டேன்டி."

ஏன்? ஒரே ஒரு பொய் சொன்னால் என்ன?

நேற்றுக் கனவில் சுவர்களுக்குள் மனிதர்கள் நடந்துபோனார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. கடைசியாக வெயில் வந்தது. ஒவ்வொரு படியாக இறங்கி, எங்கள் வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டு, கீழே போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது. அழகாகத்தான் இருந்தது. விழித்த பிறகுதான் எழுந்துபோய் வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன்.

ஜூன் 13, சனி

செய்துவிட்டேன்.

பதினொரு சீட்டுகள். இடது கையால் எழுதினேன். 'தீடநிலை மின்கலம் வந்தால் நாம் எல்லோரும் எரிந்துபோவோம்.' விடிவதற்குள் ஒவ்வொரு கதவுக்கு அடியிலும் தள்ளினேன். எங்கள் கதவுக்கும்.

ஜூன் 14, ஞாயிறு

கூட்டத்தில் மூன்றாம் மாடிக்காரர் சீட்டை ஆட்டிக்காட்டினார். "துணி வெட்டறதுக்கு அளவு போடற பழுப்புக் காகிதம் இது. வேற யார் வீட்ல இருக்கு?"

எல்லோரும் தையல்கார மாமாவைப் பார்த்தார்கள். அவர் கடைக்கு நேர் கீழேதான் நிலவறை.

"எனக்கு இஷ்டமில்லன்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னவன் நான். எனக்கு எதுக்குச் சீட்டு?"

"வாய் போதலேன்னு கையும் சேர்ந்துக்கிச்சு போல!"

மூன்றாம் மாடிக்காரர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். மாமா என் சீருடையைத் தைத்துச் சுற்றிக் கொடுத்த காகிதம் அது. ஐயோ, எனக்கு ஏன் தோணவே இல்ல?

முடிவு அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போனது. பாதிப் பேர் இப்போதே வேண்டாம் என்கிறார்கள்.

ஜூன் 16, செவ்வாய்

அம்மா சீட்டை விளக்கடியில் வைத்துப் படித்தாள். "பாரேன், திடத்துக்குள்ள தீயை வெச்சிருக்கார் மனுஷன். குறில் போட வேண்டிய இடத்துல நெடில்." சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஒன்பதாம் தேதிக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். அங்கும் நெடில்தான்.

ஜூன் 17, புதன்

மூன்று வீட்டார் மாமாவிடம் கொடுத்திருந்த துணியைத் தைக்காமலே திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

ஜூன் 18, வியாழன்

கடைக்குப் போனேன். மேசையில் கிடந்த சுண்ணக்கட்டியை எடுத்து, விரித்திருந்த கறுப்புத் துணியில் இடது கையால் அந்தச் சொல்லை எழுதினேன். தெரிந்தும் கை பழையபடியே போட்டது.

மாமா குனிந்து பார்த்தார். தையல் இயந்திரம் நின்றது.

"இப்பவும் நெடிலா?" என்றார். பிறகு, "அம்மாவுக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"உனக்கு இருக்கிற பயம்தான் எனக்கும். பழி மட்டும் முழுசா எனக்கே. நல்லா பங்கு பிரிச்சேம்மா நீ." துணியைத் தட்டினார். சொல் முழுதாகப் போகவில்லை. "காட்டிக்கொடுக்க மாட்டேன். காப்பாத்தவும் மாட்டேன். போ."

ஜூன் 20, சனி

நாளைக்கு. நாளைக்கு. சொல்லாட்டி என்ன ஆகும்? சொன்னா என்ன ஆகும்?

ஜூன் 21, ஞாயிறு

சொல்லிவிட்டேன். "சீட்டு நான் போட்டது." அவ்வளவுதான் வந்தது.

மூன்றாம் மாடிக்காரர் கூரையைப் பார்த்தார். அம்மா என்னை யாரோ வீட்டுப் பெண்ணைப் போலப் பார்த்தாள்.

மாமாதான் எழுந்தார். "சரி, விடுங்க. புள்ள பயந்ததுக்குப் பதில் சொல்லுங்கம்மா. எரியுமா, எரியாதா?"

அம்மா என்னைப் பார்க்காமல் எழுந்தாள். எனக்குச் சொன்னதையே சொன்னாள். கஷ்டம், நூற்றுக்கு நூறு இல்லை.

மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார். "எரியவே எரியாதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் எழுந்து போயிருப்பேன். பெட்டியைச் சுத்தித் தடிச்ச சுவர் எழுப்புங்க. சூடு காட்டற முள் என் கடையில இருக்கணும். அப்புறம் வைங்க."

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. மூன்றாம் மாடிக்காரருடையது கடைசி.

படியேறும்போது அம்மா கேட்டாள்: "என்கிட்ட வந்திருக்கலாமேடி?"

"வந்தேனேம்மா."

என் இடது கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

ஜூலை 20, திங்கள்

இத்தனை நாளாக இந்த நோட்டைத் தொடவில்லை. கீழே பெட்டி வந்த பிறகும் படுத்ததும் தூங்கிவிடுகிறேன்.

இன்று மாலை தெரு முழுக்க மின்சாரம் போனது. கடையில் முள் அசையாமல் நின்றது. மாமா மத்தியான வெயிலைக் கொண்டு மூன்றாம் மாடிக்காரரின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "காலர்ல கவனம்" என்று அவர் பக்கத்திலேயே நின்றார். "தெரியும், போய்யா" என்றார் மாமா.

இருட்டான தெருவில் எங்கள் படிக்கட்டு விளக்கு மட்டும் எரிந்தது.

எரிந்தது என்றா எழுதினேன்? ஆமாம். விளக்கை வேறு எப்படி எழுதுவது?

கொட்டாவி வருகிறது.