ஐயரின் செவ்வாய்க்கிழமைகள்

ஞாயிறு, இரவு

இன்று எங்கள் சித்தூர் திருச்சபையில், ஓய்வு பெறும் போதகர் ஐயருக்குப் பாராட்டு விழா. செயலாளர் என்பதால் நான்தான் வாழ்த்திப் பேசினேன். பேசும்போதே உறுத்தியது. செவ்வாய்க்கிழமைகளில் அவர் ஊரிலேயே இருப்பதில்லை என்று போன வருடம் பிஷப்புக்குப் பெயர் போடாமல் புகார் எழுதியவனும் நான்தான்.

சால்வை போட்டு முடித்ததும் வெதுருகுப்பத்து அம்மா ஒருவர் மைக்கைக் கேட்டு வாங்கினார். எங்கள் சபையைச் சேர்ந்தவர் இல்லை.

"எனக்கு கேன்சர் வந்துச்சி. தொணைக்கி யாருமில்ல. செவ்வாக்கெழமன்னா ஐயருதான் பஸ்ல திருப்பதி ஆஸ்பத்திரிக்கு கூட்டிகினு போவாரு. இப்ப கொணமாயிடுச்சின்னு டாக்டர் சொல்ட்டாரு" என்றார்.

கைதட்டல் ஓயவே இல்லை. நான் ஐயரிடம் போய், "புகார் வந்தப்பவே இத சொல்லியிருக்கலாமே, ஐயரே?" என்றேன்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அந்தம்மா கேட்டுகினாங்க. அத எப்படி சொல்றது?"

உடனே மைக்கை வாங்கி, புகார் எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தெரியும்பா, பிஷப் அந்த லெட்டர காட்டுனாரு. உன் கையெழுத்து தெரியாதா எனக்கு?" என்று ஐயர் சிரித்தார். சபையே சேர்ந்து சிரித்தது. நானும்தான்.

பிரியாணிப் பந்தியில் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் இன்றுதான் அவரோடு சேர்ந்து சாப்பிட்டேன்.